தாரியானா மொழியின் உயிர்ப்பு: எந்த மதிப்பெண் சரி?

கயல்: பிரேசிலின் வாவுபெஸ் ஆற்றங்கரை மொழியான தாரியானாவை, மொழியின் உயிர்ப்பை அளக்க யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு ஆவணம் தரும் ஒன்பது கூறுகளின்படி மதிப்பிடுகிறேன். இனத்தார் சுமார் 1,500, பேசுவோர் சுமார் 100. தலைமுறைக் கைமாற்றத்துக்கு, அதாவது மூத்தோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மொழி போய்ச் சேர்வதற்கு, 5க்கு எத்தனை போடுவது? அங்கே பழங்குடி மொழிகளுக்குச் சட்ட ஏற்பு உண்டே, அரசுக் கொள்கைக்கு 5 தரலாமா? கடைசியில் சராசரி எடுக்க எண்ணம்.

நெய்தல்: சராசரி வேண்டாம், மதிப்பெண்களைக் கூட்ட வேண்டாமென்று அந்த ஆவணமே சொல்கிறது. தாரியானாவுக்கு 2003இலேயே முழு இலக்கணம் வந்துவிட்டது. ஆவணப்படுத்தலுக்குக் கிடைக்கும் நல்ல மதிப்பெண், கைமாற்றத்தின் சரிவைச் சராசரியில் மூடிவிடும்.

கைமாற்றத்துக்கு "வீட்டில் என்ன மொழி?" என்று கேட்டால் பயனில்லை. அங்கே தந்தையின் மொழிதான் ஒருவருக்குச் சொந்த மொழி. அதே மொழிக்காரரை மணப்பது வழக்கமில்லை. அதனால் தாய் வேறு மொழிக்காரராகவே இருப்பார். தந்தை பிள்ளையிடம் பேசுவது, பிள்ளை பதில் சொல்வது, தாய் பேசுவது, பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது என நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளையின் பதில் எந்த மொழியில் என்பதுதான் முக்கியம். பெற்றோர் தலைமுறையோடு நின்றால் 3, தாத்தா பாட்டியோடு நின்றால் 2. தாரியானா பேசப்படும் சாந்தா ரோசா, பெரிக்கீத்தோஸ் இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பேசுவோர் விகிதம் பார்க்கும்போது மணமாகி வந்த பெண்களை மொத்தத்தில் சேர்க்காதீர்கள்.

மருதம்: சட்டம் பற்றி. அந்த வட்டாரத்துச் சாவோ கேப்ரியல் ட கஷோயெய்ரா நகராட்சி 2002இல் போர்த்துகீசியத்தோடு இணை ஆட்சிமொழி ஆக்கியது துகானோ, பனிவா, ஞேங்காத்து மூன்றை மட்டுமே. தாரியானா அதில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், தாரியானாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே துகானோதான். சலேசிய மறைப்பணியாளர்கள் பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த நீள்வீடுகளைக் கைவிடச் செய்து, பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தபோது பொதுமொழியாகப் பரவியது அதுதான். ஆக, துகானோவுக்கான ஏற்பைத் தாரியானாவின் கணக்கில் எழுதினால் படமே தலைகீழாகும். எந்த இடங்களில் எந்த மொழி புழங்குகிறது என்ற கூறிலும் துகானோவையும் போர்த்துகீசியத்தையும் வேறு வேறு பத்தியில் குறியுங்கள்.

கயல்: தெளிவாயிற்று. தாரியானாவில் துகானோச் சொற்கள் குறைவாகவே கலந்திருக்கின்றன. மொழி தெம்பாக இருப்பதற்கு இது அடையாளமா?

நெய்தல்: இல்லை. சொற்கலப்பை அந்த வட்டாரத்தில் இழிவாகப் பார்க்கிறார்கள், அதனால் தவிர்க்கிறார்கள். இலக்கணமோ நிறைய நெருங்கிவிட்டது: கண்டதா, காதால் கேட்டு உணர்ந்ததா, ஊகித்ததா, பிறர் சொன்னதா என்று வினையிலேயே சுட்டும் முறை துகானோ குடும்ப மொழிகளின் தாக்கத்தால் வளர்ந்தது. கடன்சொற்களை எண்ணி உயிர்ப்பை அளக்க முடியாது.