கப்பல் பட்டியலில் எங்கள் பாட்டி: பழைய பதிவேட்டில் உங்கள் வீட்டு ஆளைப் பார்த்த அனுபவம் உண்டா?

போளூரான்:

ஆடி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் ஒரு இலை கூடுதலாகப் போடுவோம். கொள்ளுத்தாத்தாவின் அக்காவுக்கு. கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப் போனவர், கல்யாணம் ஆகாமலே அங்கே செத்துப்போனார் என்பது வீட்டில் சொல்லிவந்த கதை.

போன மாதம் டர்பனில் இருக்கும் நண்பர் அவருடைய வரியைக் கண்டுபிடித்து அனுப்பினார். அங்கே காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்களை வைத்திருக்கிறார்கள். 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேரில் எங்கள் பாட்டியும் ஒருத்தி. எண், பெயர், அப்பா பெயர், வயது 20, ஜில்லா வட ஆற்காடு, தாணா (ஜில்லாவுக்குள் இருந்த சரகம்) போளூர், ஊர். கடைசியில் அங்க அடையாளம்: வலது முன்கையில் பச்சை. என் ஆயாவுக்கும் அதே கையில்தான் பச்சை. அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் அடுத்த வரியைப் பார்த்தேன். ஒரு வயது ஆண் குழந்தை, இவருடைய பிள்ளை என்று குறிப்பு. ஒரு வயதுப் பிள்ளைக்கும் அங்க அடையாளம் எழுதியிருக்கிறார்கள்: நெற்றியில் மச்சம்.

யாருடைய பிள்ளை? ஊரில் பிறந்த குழந்தையா? அதனால்தான் ஊரை விட்டுப் போனாரா? அப்பாவுக்கு 81 வயது. அவரிடம் சொல்லலாமா, இரண்டு இலை போடலாமா என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

பரண்கட்டு:

எனக்கும் இப்படி ஒன்று இருக்கிறது. 1980 நவம்பரில் ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணம், ஊர்த் தலைமை பார்த்த மணியம் பதவிகளை எடுத்தார்கள் இல்லையா, எங்கள் ஊர்க் கர்ணம் வீட்டில் அப்போது மிச்சமிருந்த காகிதக் கட்டுகள் அப்படியே பரணில் கிடந்தன. வீட்டை இடிக்கும்போது கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பாதி கரையான். மீதியில் 1938ஆம் வருஷத்துக் குத்தகை முச்சலிக்கா (ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) ஒன்று. அடியில் என் தாத்தாவின் கையெழுத்து.

தாத்தா கைநாட்டு. ரேஷன் கடையிலும் பேங்கிலும் கட்டை விரலை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் ஆறு எழுத்து, புள்ளி இல்லாமல், ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. மூன்றாவது எழுத்தில் மை சொட்டியிருக்கிறது, அதை விரலால் இழுத்துத் துடைத்த தடம் அப்படியே இருக்கிறது. எழுதத் தெரிந்த மனுஷன் பின்னால் ஏன் கைநாட்டு ஆனார்? கேட்க யாரும் இல்லை.

சித்தூர் எல்லை:

போளூரான் தம்பி, அந்தக் குறிப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவில் ஒரு குமாஸ்தா, காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதியது அது. துணைக்கு ஆள் இல்லாத குழந்தையை யாரோ ஒரு பெண் தன் பிள்ளை என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்கள் டிப்போவிலேயே புருஷன் பெண்டாட்டியாகப் பதிந்துகொண்டதும் உண்டு. ஒரு வரியை வைத்து அந்தப் பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டாம்.

இதைத் தேடும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூருக்கு பஸ் ஏறாதீர்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை சித்தூர், பலமனேர், சந்திரகிரி எல்லாம் வட ஆற்காடுதான். திருத்தணி அந்தப் பக்கம் போய் 1960இல்தான் திரும்பி வந்தது. நான் இது தெரியாமல் குடியாத்தம் பக்கம் இரண்டு முறை அலைந்தேன். ஊர் கடைசியில் ஆந்திராவில் இருந்தது. அங்கே என் பாட்டன் பெயரைத் தமிழில் சொன்னபோது யாருக்கும் புரியவில்லை. ஒரு பெரியவர் அதைத் தெலுங்கில் திருத்திச் சொன்னார். அது ஒன்றுதான் என் கதை.

ஜில்லாவை விட தாணாதான் முக்கியம். ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாலைந்து விதமாக. அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகம். 1670இலிருந்து காகிதம் இருக்கும் இடம் அது. தாலுகா எது, எந்த வருஷம், எந்தத் துறையின் காகிதம் என்று தெரிந்துகொண்டு போங்கள். தாத்தா பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஒன்றும் கிடைக்காது. நிலம் இருந்த குடும்பமாக இருந்தால் செட்டில்மெண்ட் பதிவேட்டை (நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயித்த பதிவு) கேளுங்கள். வில்லங்கச் சான்றை ஆன்லைனில் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். மிகப் பழைய வருஷங்கள் அதில் வராமல் போகலாம். அவை வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும்.

கோத்தகிரி தேயிலை:

சித்தூர் அண்ணா, நிலம் இருந்த குடும்பமாக இருந்தால் என்கிறீர்கள். இல்லாதவர்கள் என்ன செய்வது? நாங்கள் கண்டியிலிருந்து வந்தவர்கள். இலங்கையோடு 1964இல் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்களே, அதில் வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல், ராமேசுவரத்தில் இறக்கம், அங்கிருந்து நீலகிரி. எங்களிடம் இருந்த காகிதம் குடும்ப அட்டை ஒன்றுதான். அதில் தாத்தாவின் பூர்வீகம் துறையூர் தாலுகா, ஊர்ப் பெயர் பாதி அழிந்துவிட்டது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். ஒரு அலுவலகத்தில் தாத்தா பெயரில் ஒன்றும் இல்லை என்று இரண்டே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர்தான் கேட்டார், உங்கள் குலசாமி எது என்று. அம்மா சொன்னார். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கோயில் நிர்வாகி வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு. பழைய நோட்டு கிழியக் கிழியப் புதிதாக எடுத்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதில் என் தாத்தாவின் அப்பா பெயர். வரி வசூல் கட்டம் காலி. பக்கத்தில் "கண்டிச்சீமை" என்று ஒரே வார்த்தை. ஒவ்வொரு தடவை நோட்டு மாற்றும்போதும் வரி கட்டாத அந்தப் பெயரையும், அந்த வார்த்தையையும் சேர்த்தே எடுத்து எழுதியிருக்கிறார்கள். அம்மா அந்த வருஷத்து வரியைக் கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

காரைக்கால் பேத்தி:

பிரெஞ்சுக்காரர் ஆண்ட பக்கத்து ஆட்கள் எழும்பூருக்குப் போக வேண்டாம். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் நிறைய ஃபிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே படமாக இருக்கின்றன. 1881 ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதுக் குடும்பப் பெயர் எடுத்திருப்பார்கள், அதை மறக்காதீர்கள். என் பாட்டியின் பிறப்புப் பதிவு முழுக்க பிரெஞ்சு. அடியில் சாட்சிகள் இரண்டு பேரும் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

போளூரான்:

எல்லாருக்கும் நன்றி. சித்தூர் ஐயா, தாணா போளூர் என்றே இருக்கிறது, ஊரும் சரியாகப் பொருந்துகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் டிப்போவில் யாருடைய குழந்தையையோ சேர்த்துக்கொண்டிருக்கலாம் என்று நீங்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. நேற்று முழுக்க அதுதான் மனசில் ஓடியது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அத்தையிடம் மட்டும் சொன்னேன். யாருடைய பிள்ளை என்று அவர் கேட்கவே இல்லை. "பையன் பேர் என்னன்னு போட்டிருக்கு?" என்றார். சொன்னேன். காலண்டரில் ஆடி அமாவாசைக் கட்டத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

டர்பன் பக்கம் தேடியவர்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்லுங்கள். குழந்தையாகப் போனவர்கள் பெரியவர்களான பிறகு எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும்?