சிறகு வைத்த டாட்ஜ் விதியை மீறியதா?

கேள்வி (உப்புவெளி): அநுராதபுரச் சந்தியில் உள்ள கராஜ் ஒன்றில் டிங்கர் வேலை செய்கிறேன். 1969ஆம் ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் டேடோனாவின் கூரைக்கு மேலெழும் பின்சிறகையும் கூம்பு மூக்கையும் அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார் எவ்வாறு அனுமதித்தது?

பதில் (நிலாவெளி): தம்பி, அது மீறல் அன்று. ஒரு வடிவத்தில் 500 வண்டிகளைத் தயாரித்து விற்பனைக்கு விட்டால் அதே வடிவத்தைப் பந்தயத்திலும் ஓட்டலாம் என்பதே அன்றைய விதி. டாட்ஜ் அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. 1970 மார்ச்சில் டல்லடேகா பந்தயத் தடத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில் ஓட்டுநர் படி (Buddy) பேக்கர் இந்த வண்டியில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். 1971இல் இத்தகைய வண்டிகளின் எஞ்சின் 305 கன அங்குலத்துக்குள் அடங்க வேண்டும் என விதித்ததும் அவை களத்தை விட்டு விலகின. எனக்கு இன்றும் அது வருத்தமே.

பதில் (மூதூர்): விதியின் இடைவெளியைப் பயன்படுத்திய நாஸ்கார் மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக்கையும் சொல்ல வேண்டும். விதி எரிபொருள் தாங்கியின் கொள்ளளவை மட்டுமே வரையறுத்ததால், அவர் எரிபொருள் செல்லும் குழாயையே தடிப்பாக்கி நீட்டி, அதிலும் எரிபொருளை நிரப்பினார்.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. நேற்று ஒரு வானின் பொனட் விளிம்பைத் தட்டி நிமிர்த்தும்போது, காற்று எங்கே பிரியும் என்று விரலால் தடவிப் பார்த்தேன்.