விலை மலிவான மெக்சிகன் பீர், சாப்பாட்டோடு: உங்கள் அனுபவம்?

என்செனாடா (மெக்சிகோவின் துறைமுக நகரம்) பாணி மீன் டாக்கோவுக்கு, அதாவது சோள ரொட்டியில் மடித்த பொரித்த மீனுக்கு, ஒரு கேன் டெக்காத்தே பீர் போதும். மீனை முக்கிப் பொரிக்கும் மாவுக்கு: ஒரு கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஓரிகானோ. எண்ணெய் 180 டிகிரிக்கு வந்த பிறகு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீரை ஒரு கப் ஊற்றிக் கலக்குங்கள். பஜ்ஜி மாவை விட இளக்கமாக இருக்கணும். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், அடித்துக் கலக்கினால் மேல்தோல் ரப்பராகிவிடும். கலக்கி வைத்துவிட்டு சல்சா அரைக்கப் போனால் வாயு போய்விடும், மொறுமொறுப்பும் கூடவே போகும். மீனை ஈரம் போகத் துடைத்து, வெறும் மைதாவில் புரட்டிவிட்டு முக்குங்கள். இல்லாவிட்டால் மாவு எண்ணெயில் கழன்று தனியாக மிதக்கும்.

—

கேன் என்று சொன்னது சரி. கொரோனா மாதிரி வெள்ளைக் கண்ணாடி பாட்டிலை வெயிலில் வைத்தால் சில நிமிடத்திலேயே ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து ஒரு நாற்றம் வரும். எலுமிச்சை அதை மறைக்கும், போக்காது. பாட்டில்தான் வேணும்னா பழுப்புக் கண்ணாடியில் வரும் பசிஃபிகோ வாங்குங்க.

—

வட மெக்சிகோவின் மொந்தெர்ரே நகரப் பக்கத்து ஃபிரிஹோலெஸ் போர்ராச்சோஸ், அதாவது 'குடிகார பீன்ஸ்': அரை கிலோ பின்டோ பீன்ஸை இரவே ஊறவைத்து, நசுக்கினால் மசியும் வரை வேகவிடணும். பேக்கன், வெங்காயம், செர்ரானோ மிளகாய், தக்காளி வதக்கிச் சேர்த்து, 355 மில்லி பீர் கேன் ஒன்றை ஊற்றி, மூடாமல் 20 நிமிடம். பலர் சறுக்குவது வரிசையில்தான். பீரும் தக்காளியும் புளிப்பு, முதலிலேயே போட்டால் பீன்ஸ் தோல் வேக ரொம்ப நேரமாகும். இதற்கு ஐபிஏ (ஹாப்ஸ் அதிகம் போட்ட கசப்பு பீர்) ஊற்றாதீர்கள். வற்ற வற்றக் கசப்பு ஏறி வாயில் வைக்க முடியாது. இந்த மாதிரி மலிவு லாகர் பீரில் ஹாப்ஸ் குறைவு, அதுதான் இங்கே அதன் பலம்.

—

மிச்செலாடா, அதாவது எலுமிச்சையும் சாஸும் கலந்த பீர், போடுறவங்களுக்கு: டம்ளர் விளிம்பில் உப்பு, உள்ளே ஐஸ், ஒரு எலுமிச்சைச் சாறு, வொர்செஸ்டர்ஷயர் சாஸ், மேகி சாஸ் (தக்காளி சாஸ் இல்லை, சோயா சாஸ் மாதிரி கறுப்பாக இருப்பது), காரச் சாஸ் சில சொட்டு. பிறகுதான் பீர், டம்ளரைச் சாய்த்து. உப்பைக் கடைசியில் தூவினால் பொங்கி மேசையில் வழியும். மெக்சிகோவில் 'லிமோன்' என்பது நம்ம சின்ன எலுமிச்சைதான், பெரிய மஞ்சள் லெமன் கிடையாது.

—

கூட்டமாகச் சாப்பிடும்போது ககுவாமா எனும் 940 மில்லி பெரிய பீர் பாட்டில் லாபம். பெயருக்குக் கடலாமை என்று அர்த்தம். திறந்து மீந்துபோனது வாயு போயிருப்பதால் அடுத்த நாள் மீன் பொரிக்கும் மாவுக்கு ஆகாது, பீன்ஸுக்கு ஊற்றலாம்.