கிளிநொச்சி பொறியியல் பீடம்: எந்த ஒபிசை எங்கே தேடுவது?

திருக்கடலூர் அக்கா:
தம்பிக்கு யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கம்பஸ் போகிற முதல் ஆள் அவன்தான். அப்பாவுக்குக் கடற்றொழில், இப்போது தொழில் படுகிற நேரம், அதனால் பதிவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். கடிதத் தலைப்பில் யாழ்ப்பாண முகவரி இருக்கிறது, உள்ளே கிளிநொச்சி என்று இருக்கிறது. திருகோணமலையிலிருந்து போனால் எங்கே இறங்குவது? பதிவாளர், உதவிப் பதிவாளர், பீடாதிபதி, துறைத்தலைவர் என்று இத்தனை பேர், யாரிடம் எதற்குப் போவது? பக்கத்து வீட்டு மாமா ரெயினில் போனால் சுகம் என்கிறார். அது சரியா?

உப்புவெளி பழைய பட்ச்:
தங்கச்சி, ரெயினை விடுங்கள். திருகோணமலை ரெயின் கல்லோயா போய், பிறகு மாகோ போய்த்தான் வடக்குப் பாதையைப் பிடிக்கும், நாடு சுற்றுகிற வேலை. ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாகப் போகிற யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறுங்கள். கொண்டக்டரிடம் ‘கம்பஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், வவுனியாவிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. அது 2021 வரை யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத்தான் இருந்தது, அந்தப் பழைய பேச்சு இன்னும் போகவில்லை. ‘அறிவியல் நகர்’ என்று சொல்லுங்கள். மாங்குளம் தாண்டி முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும், சனம் இறங்கித் தேங்காய் உடைக்கும், கச்சான் வாங்கும். அங்கே பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறினால் நித்திரை கொள்ளக்கூடாது, ஏனென்றால் அறிவியல் நகர் கிளிநொச்சி டவுனுக்கு முன்னாலேயே வந்துவிடும். டவுன் வரை போய்விட்டால் திரும்ப ஓட்டோ பிடிக்க வேண்டும்.

அங்கே பொறியியல் மட்டுமில்லை, விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. அதனால் வாசல் செக்யூரிட்டியிடம் “பொறியியல் பீடம், பீடாதிபதி அலுவலகம்” என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள்.

இனி ஆட்கள் விஷயம். பீடாதிபதி பீடத்துக்கே தலைவர், ஆனால் முதலாம் நாளே அவரைப் பார்க்க வேண்டி வராது. உங்களுக்குத் தேவைப்படுவது உதவிப் பதிவாளரின் அலுவலகம். மாணவர் கோப்பு, கடிதம், சோதனைப் படிவம் மாதிரியான காகித வேலைக்கெல்லாம் முதலில் கேட்க வேண்டிய இடம் அதுதான். பதிவாளர் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒருவர், அவர் இருப்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நிதியாளரும் அங்கேதான். கடிதத் தலைப்பில் யாழ்ப்பாணம் இருப்பது அதனால்தான், குழம்பாதீர்கள். சிவில், மெக்கானிக்கல், மின், கணினி என்று துறைகள் இருந்தாலும் தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுப்பாடங்கள்தான், துறைத்தலைவரைத் தேடுகிற காலம் பிறகு வரும். பதிவு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று கடிதத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு, நான் சொல்வதும் மாமா சொல்வதும் அதற்குப் பிறகு.

அன்புவழிபுரம் அம்மா:
என் மகள் படித்தது வேறு பல்கலைக்கழகம், தெற்குப் பக்கம், பெயர் வேண்டாம். முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு கவுண்டரில் மாடிக்குப் போகச் சொன்னார்கள், மாடியில் பக்கத்துக் கட்டடம் என்றார்கள், அங்கே போனால் சாப்பாட்டு நேரம் என்று கதவு சாத்தியிருந்தது. வெயிலில் வாங்கில் இருந்து பைலைத் திறந்து பார்க்கிறேன், கிராம சேவகர் தந்த பத்திரம் மேலே ஒட்டின பிளாஸ்டிக் உறையோடு ஈரமாகி, முத்திரை மை பரவிக் கிடக்கிறது. தண்ணீர்ப் போத்தலை அதே பையில் வைத்தது என் பிழை. மஹாபொல, பர்சரி மாதிரியான படிப்பு உதவிப் பணத்துக்குக் குடும்ப வருமானம் காட்ட அந்தப் பத்திரத்தைக் கேட்பார்கள். திரும்ப எடுக்க ஊருக்கு வந்து போனோம், ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போயிற்று.

அதனால் பிள்ளை, மூலப்பிரதிகள் ஒரு பைலில், போட்டோ கொப்பிகள் இன்னொரு பைலில், இரண்டும் தண்ணீர்ப் போத்தலுக்குத் தூர. யாராவது “அங்கே போ” என்றால், அங்கே எந்தக் கதவு, என்ன பெயர்ப்பலகை என்று கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள், கேட்பதற்குத்தான் அந்தக் கதிரைகளில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நிலாவெளிப் பொடியன்:
நான் இப்போது அங்கே இரண்டாம் வருடம். அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், தம்பியிடம் காட்டுங்கள். புதுசாக வருகிறவர்களில் பாதிப் பேர் சீனியரிடம் வழி கேட்கப் பயந்து, கையில் நேரசூசியை வைத்துக்கொண்டு ஒரே சுற்றை மூன்று தரம் சுற்றுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு லெக்சருக்குப் பிந்தினேன். பயப்பட வேண்டாம் தம்பி, கேள். பெரும்பாலானோர் கூட்டிக்கொண்டே போய் விடுவார்கள், திருகோணமலை என்றால் நம்மூர்ப் பொடியன்கள் தேநீரும் வாங்கித் தருவார்கள். யாராவது வழி சொல்வதற்குப் பதிலாக வேறு ஏதாவது செய்யச் சொன்னால், அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். கன்டீன் எங்கே என்று தேடுவதற்கு முன் மாணவர் ஆலோசகரின் அறை எது என்று பார்த்து வைத்துக்கொள், அவர் இலக்கத்தை போனிலும் போட்டுக்கொள்.

நேரசூசியில் மண்டபங்களின் பெயர் சுருக்கெழுத்தில்தான் இருக்கும். முதல் வாரம் அவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் அடையாளம் எழுது, “தண்ணீர்த் தாங்கிப் பக்கம்”, “படி ஏறி இடது” என்று, உனக்கு விளங்குகிற மாதிரி.

திருக்கடலூர் அக்கா:
எல்லோருக்கும் நன்றி, வாசித்துக் காட்டினேன், முகம் தெளிந்துவிட்டது அவனுக்கு. இன்னும் ஒன்று மட்டும். விடுதி விஷயத்தையும் அந்த உதவிப் பதிவாளர் அலுவலகத்தில்தானா கேட்பது?

உப்புவெளி பழைய பட்ச்:
ஓம், முதலில் அங்கேயே கேளுங்கள், விடுதிப் பொறுப்பாளரை எங்கே பார்க்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். பதிவு முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள், பின்னேரம் ஆகினால் ஆட்களைப் பிடிக்க முடியாது. எந்த நாள் போகிறீர்கள் என்று எழுதுங்கள், என் மச்சான் கிளிநொச்சியில்தான் இருக்கிறார், பஸ்ஸடிக்கு வரச் சொல்கிறேன்.