ஸ்ரீ மெனாந்தி அரண்மனை மாதிரி: கோபுரம் சாய்கிறது, உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா பிலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஸ்ரீ மெனாந்தி அரண்மனையை 1:50 அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். ஆகஸ்ட் நடுவில் பள்ளிக் கண்காட்சிக்கு வைக்க வேண்டும்.

1908-இல் கட்டி முடித்த நான்கு மாடி மர மாளிகை அது. 99 தூண்கள், இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. துளையும் கழுந்தும் (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய மர முனை) மரமுளையும்தான் மொத்தக் கட்டடத்தையும் பிடித்து நிற்கின்றன. அதனால்தான் மாதிரியிலும் ஆணி அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கீழ் இரண்டு மாடிகள் நேராக நிற்கின்றன. மூன்றாவதை ஏற்றியதும் மேலே உள்ள கோபுர அறை, அதாவது அந்தக் காலத்தில் அரச கருவூலம் இருந்த இடம், இடது பக்கம் சாய்கிறது. நடுத் தூண்கள் நான்கும் 6 மி.மீ. தேக்குக் குச்சிகள், அடியிலிருந்து உச்சிவரை ஒரே துண்டு. விட்டங்கள் பால்சா மரம்.

தூண்களைத் தடிமனாக்கிப் பார்த்தேன், சாய்வு குறையவில்லை. பசை போட்டால் நிற்கிறது, ஆனால் ஈரக்காற்றில் இரண்டு நாளில் விட்டுவிடுகிறது. அப்புறம் குறுக்குச் சட்டம் கொடுத்தேன். நின்றது, ஆனால் அசல் அரண்மனையின் தோற்றமே போய்விட்டது. நேரிலும் போய் வந்தேன். வெளியே நன்றாகப் படம் எடுத்தேன், மேல்மாடிக்கு மட்டும் போக முடியவில்லை. பழைய படங்களிலும் அங்கே தூணும் விட்டமும் சேரும் இணைப்பு இருட்டாகத்தான் தெரிகிறது.

மேல்மாடியில் அந்த நான்கு நடுத் தூண்களும் விட்டங்களும் சேரும் இடத்தை நேரில் பார்த்தவர்கள், அங்கே கழுந்து எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்று சொல்ல முடியுமா?