‘மீதிங்க்ஸ்’: ‘மீ’யை ஒட்டி ‘எஸ்’ எப்படி வந்தது?

கரூர்_தமிழாசிரியை
மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. பாடத்தில் ‘ஹாம்லெட்’. நாடகத்துக்குள் நடக்கும் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அரசி கெர்ட்ரூட் பேசும் வரி ‘மீதிங்க்ஸ்’ என்று முடிகிறது. துணைநூலில் ‘ஐ திங்க்’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். ‘மீ’ எப்படி எழுவாயாக நிற்கும், தன்மை வினையில் ‘எஸ்’ எதற்கு என்று கேட்கிறாள். கேள்வி நியாயமானது. என்னிடம் பதில் இல்லை.

வெள்ளாற்றங்கரை
செய்யுளுக்காகச் செய்த இலக்கண மீறல். ஓர் அசை தேவைப்பட்டிருக்கும். தேர்வில் ‘ஐ திங்க்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஓய்வுபெற்ற_ஆங்கில_ஆசிரியர்
மீறல் என்று சொல்லி அந்தப் பெண்ணின் கேள்வியை மூடிவிடாதீர்கள். இது ஷேக்ஸ்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய இலக்கணம், பிசகில்லாத இலக்கணம்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. தமிழில் எழுதினால் ஏறத்தாழ ‘தெஞ்சன்’, ‘துஞ்சன்’. முன்னதற்கு நினைத்தல் என்று பொருள், பின்னதற்குத் தோன்றுதல். காலப்போக்கில் ஒலி நெருங்கி இரண்டும் ‘திங்க்’ என்ற ஒரே வடிவில் கலந்துவிட்டன. தோன்றுதல் என்ற வினை வழக்கொழிந்தது. ‘மீதிங்க்ஸ்’ என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் அது உயிரோடு இருந்தது.

அம்மா, நீங்கள் தமிழ் கற்பிப்பவர். உங்களுக்கு இது ஒரு வரியில் விளங்கிவிடும். அங்கே இருக்கும் ‘மீ’ நான்காம் வேற்றுமை. ‘மீதிங்க்ஸ்’ என்றால் ‘எனக்குத் தோன்றுகிறது’. நாம் ‘எனக்குத் தோன்றுகிறேன்’ என்று சொல்வதில்லையே! நம் வினை அஃறிணை ஒருமையில் நிற்பதுபோலத்தான் ஆங்கில வினையும் படர்க்கை ஒருமைக்குரிய ‘எஸ்’ விகுதியோடு நிற்கிறது. பசியும் பழைய ஆங்கிலத்தில் இப்படித்தான்: எனக்குப் பசித்தது என்பார்கள். இன்றைய ‘லைக்’ என்ற வினையும் ஒரு காலத்தில் ‘எனக்குப் பிடிக்கிறது’ என்ற அமைப்பில் வந்ததே. வேற்றுமை உருபுகள் தேய்ந்தபின் ‘ஐ’ முன்னால் வந்து எழுவாயாக அமர்ந்துகொண்டது.

பல ஆண்டுகள் நானும் வகுப்பில் ‘ஐ திங்க்’ என்றே சொல்லிக் கடந்துபோனேன். கையில் நம் மொழி இருந்தும் அதை எடுத்துக்காட்டவில்லையே என்ற வருத்தம் இன்னும் உண்டு.

ஸ்டுட்கார்ட்_வாசி
ஜெர்மனில் அந்த இரண்டு வினைகளும் தனித்தனியாகவே இருக்கின்றன. ‘டெங்கன்’ என்றால் நினைத்தல், ‘டுங்கன்’ என்றால் தோன்றுதல். இரண்டாவது இப்போது பழைய நடை. பேச்சில் ‘மிர் ஷைண்ட்’ என்கிறோம். அங்கேயும் ‘மிர்’ என்பது ‘எனக்கு’தான்.

கரூர்_தமிழாசிரியை
ஆசிரியர் ஐயாவுக்கு மிக்க நன்றி. படித்துக் காட்டியதும் மகள் உடனே அந்த வரியைத் தமிழாக்கினாள்: “அந்தப் பெண்மணி அளவுக்கு மீறி மறுக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.” சரிதானா?

ஓய்வுபெற்ற_ஆங்கில_ஆசிரியர்
‘தோன்றுகிறது’ மிகச் சரி. ‘மறுக்கிறாள்’ என்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூலத்தில் உள்ள ‘ப்ரொடெஸ்ட்’ அந்தக் காலத்தில் உறுதியாகச் சூளுரைப்பதைக் குறித்தது. கெர்ட்ரூட் பார்க்கும் அந்த உள்நாடகத்தில் வரும் அரசி எதையும் மறுக்கவில்லை. கணவன் இறந்தால் மறுமணம் செய்யவே மாட்டேன் என்று சபதம்மேல் சபதமாகச் செய்கிறாள். கணவன் இறந்த சில வாரங்களிலேயே அவன் தம்பியை மணந்த கெர்ட்ரூட், “இவள் அளவுக்கு மீறிச் சூளுரைக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது” என்கிறாள். ‘மறுக்கிறாள்’ என்று போட்டால் அந்தக் காட்சியின் வலி முழுவதும் போய்விடும்.

இறந்தகால வடிவத்தையும் குறித்துக்கொள்ளட்டும்: ‘மீதாட்’, அதாவது ‘எனக்குத் தோன்றியது’. கனவைச் சொல்லும் இடங்களில் ஷேக்ஸ்பியரிடம் அது அடிக்கடி வரும்.