ஏட்டில் புள்ளி இல்லை, அச்சில்தான் வந்ததா?

கல்லடியான்:
அம்மப்பாவின் பழைய பெட்டிக்குள் ஓர் ஏட்டுக்கட்டு கிடைத்தது. கண்ணகி வழக்குரை என்று நினைக்கிறேன், வைகாசிச் சடங்கில் கோயிலில் படிக்கிற வரிகள் நடுநடுவே பிடிபடுகின்றன. மற்றபடி வாசிக்கவே முடியவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை, காலும் ரகரமும் ஒரே மாதிரி, சொல்லுக்கு இடையில் இடமும் இல்லை. அச்சு வந்துதான் எழுத்துத் திருந்தியதா? பாதிரிமார் இல்லாவிட்டால் தமிழ் வளர்ந்திருக்காது என்று படிப்பித்த சேர் சொல்வார், மாமாவுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும்.

புளியந்தீவுக்காரி:
தம்பி, ஓலையில் புள்ளி குத்தினால் எழுத்தாணி கிழித்துவிடும், அதனால்தான் விட்டார்கள். படிக்கிறவருக்குப் பாட்டு முன்பே மனப்பாடம், ஏடு ஒரு பிடிமானம் மட்டும். அச்சுப் புத்தகம் பாட்டே தெரியாத ஆளின் கைக்கும் போகும், அவருக்கு எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கெ, கே இரண்டையும் பிரிக்கக் கொம்பைச் சுழித்து எழுதும் முறையை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர், இத்தாலியப் பாதிரியார். அதை ஒருநாளும் மறைக்கக் கூடாது.

காரைதீவுத் தம்பி:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஒரு பக்கம்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம், அதுவும் ஜெபப் புத்தகம். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அச்சடித்ததும் முதலில் கிறிஸ்தவ வேதத்துக்காகத்தான். அவர்கள் வந்த வேலை மதம் பரப்புவது, தமிழ் அதற்கு வேண்டியிருந்தது. அப்புறம், அந்தத் தமிழை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நம் பண்டிதர்கள். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குக் கூட இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். அதே நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து சைவ நூல்களை அடித்தார். வந்த கருவியைக் கற்றுக்கொண்டு நமக்காகத் திருப்பிப் போட்டோமே, எனக்கு அதுதான் பெரிய விசயம். எங்கள் ஊர் விபுலாநந்த அடிகளையே பாருங்கள், மட்டக்களப்பில் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்தவர்தான் பிறகு பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார்.

புளியந்தீவுக்காரி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1814இல் இங்கே மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வில்லியம் ஓல்ட் பாதிரியார் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, 1815இல் இந்த மண்ணிலேயே இறந்துபோனார். அவரை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். தம்பி, ஏட்டுக்கு எண்ணெய் ஒன்றும் பூச வேண்டாம். பக்கவாட்டில் டோர்ச் அடித்து ஒவ்வொரு ஓலையாகப் படமெடுங்கள், கீறல் நிழலோடு தெரியும்.

கல்லடியான்:
செய்து பார்த்தேன் அக்கா. முதல் ஓலையில் 'மதுரை' தெரிந்தது, அந்த ரையைக் கண்டுபிடிக்கத்தான் அரை மணித்தியாலம் போனது. சடங்கில் படிக்கிற ஐயாவிடம் மிச்சத்தைக் கொண்டுபோகிறேன், அவருக்குப் புள்ளி தேவைப்படாது.